சாமி காப்பாத்தின புள்ள

பிள்ளைகளே, வெளிக்களப் பணிக்கான பயிற்சியில் உங்களுக்குக் கொடுத்த புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மனவடு என்ற பாடத்தில் யுத்தம் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, மண்சரிவு இருக்கிறது. குளவி இல்லை. நீங்கள் வேலை செய்யப் போவது தேயிலைத் தோட்டங்களில். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். முதலில் பிள்ளைக் காம்பிராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் வெளிக்களப் பணியாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். குளித்து, அம்மனுக்கு விளக்கேற்றி, திருநீறு பூசாமல் ஒருநாளும் வேலைக்குக் கிளம்பியதில்லை. எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் என் வாயில் முதலில் வருவது சாமி பேர்தான். நம்மில் பலர் அப்படித்தான். அதனால் வரக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் நிரை நிரையாக நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே வாகை மரத்தில் குளவிக்கூடு. பருந்து ஒன்று வந்து கூட்டை அடித்துவிட்டது. அடித்த பருந்து பறந்து போய்விடும். குளவிகளின் கோபம் கீழே நிற்கிறவர்கள் மேல்தான் இறங்கும். எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓடினார்கள். பின்தங்கியது இரண்டு பேர். ஒருத்தி சரஸ்வதி, தோட்டத்தில் எல்லோருக்கும் சரசு. மற்றவர் அவளுக்கு அடுத்த நிரையில் நின்ற பாக்கியம். பாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். சரசு இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடியடியில் கிடந்ததால் பிழைத்தாள். தேயிலைக் குச்சி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்தத் தடித்த துணிதான் படங்கு.

வீக்கம் வடிந்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் சரசுவால் வேலைக்குப் போக முடியவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு காலையில் பெரட்டுக்களத்துக்கு வருவாள், கங்காணி பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார், பாதி வழியில் திரும்பிவிடுவாள். ஆட்டோ சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பக்கத்துக் காம்பிராவில் மிக்சி போட்டால் வெளியே ஓடுவாள். தூங்கினால் அலறி எழுவாள். தலையில் துணி படக்கூடாது. கொட்டுகிற மழையிலும் வெறுந்தலையோடுதான் நடப்பாள்.

அவள் புருஷன் கணேசனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, டவுனில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன். தோட்டத்துப் பதிவில் பேர் இருப்பது சரசுவுக்கு மட்டும். அவள் பேரை வெட்டிவிட்டால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருக்கும் அந்த ஒற்றை அறைக் காம்பிராவுக்கும் கேள்வி வந்துவிடும். கணக்கப்பிள்ளை ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? கிளினிக்குக்கு அவளைக் கணேசன் கூட்டிக்கொண்டு வந்ததே இந்தப் பயத்தில்தான்.

எங்கள் டொக்டர் சிங்கள அம்மா, வயதில் என்னைவிட எவ்வளவோ சிறியவர். தமிழ் ஓரளவு பேசுவார், முட்டுகிற இடத்தில் நான் சொல்லிக் கொடுப்பேன். அவர் சரசுவிடம் சொன்னார்: "ஒடம்பு அன்னைக்கு ஒங்கள பாதுகாக்க கத்தினது. இப்ப ஆபத்து முடிஞ்சது, அது ஒடம்புக்கு இன்னும் தெரியாது. நாங்க மெதுவா சொல்லிக் குடுக்கிறது." மாத்திரை கொடுத்தார். எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மலைக்குப் போகும் பாதையில் சரசுவோடு நடக்க வேண்டும். பயம் எழும்பும் இடத்தில் நிற்க வேண்டும். பயம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். உச்சத்தில் திரும்பி ஓடினால் ஓட்டம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று உடம்பு நம்பிவிடுமாம்.

அப்படித்தான் நடந்தோம். முதலில் தண்ணீர்ப் பீலி வரைக்கும், பிறகு வளைவு வரைக்கும். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்திருக்கிறது. ஆனாலும் முன்னேற்றம் தெரிந்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நான் போகும்போதெல்லாம் லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிடுவார்கள். "ஒனக்கென்னடி, நீ சாமி காப்பாத்தின புள்ள" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டதும் சரசு எழுந்து உள்ளே போய்விடுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். வீட்டில் விளக்கேற்றுவதையும் நிறுத்திவிட்டாள்.

"பாருங்க மிஸ், இவள காப்பாத்துன சாமிக்கு ஒரு திரி கொளுத்தி வைக்கக் கூடாதா? நன்றி இருக்கா?" என்று கணேசன் என்னிடம் முறையிட்டான்.

நானும் அவன் பக்கம்தான் தலையாட்டினேன்.

இதற்குள் கோயில் கூட்டம் நடந்தது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து முற்றிக்கொண்டு போகிறது, ஏற ஆளில்லை. மலைச்சாமிக்குப் பூசை போட்டு மலையைத் திறந்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பூசையன்று ஒருவர் முதல் கொழுந்தைக் கிள்ளிச் சாமிக் கல்லின் முன்னால் வைத்து "பொலி, பொலி" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கூடையில் கை வைப்பார்கள். அந்த முதல் கை சரசுவின் கையாக இருக்க வேண்டும் என்றார் கோயில் தலைவர். சாவு விழுந்த மலை. சாமி காப்பாற்றியவளே வந்து கிள்ளினால் தோஷம் நீங்கிவிடும் என்று எல்லோருக்கும் தோன்றியது. தோட்டத்தை நடத்தும் துரைக்கும் சந்தோஷம். சரசு அன்றைக்கு மலை ஏறிவிட்டால் பேர் வெட்டுகிற பேச்சே இல்லை என்று கணக்கப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டார்.

வளைவைத் தாண்டாத சரசு மறுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரே வார்த்தையில் "போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

லயமே குதூகலப்பட்டது. கணேசன் கடையில் சொல்லிக் கேக் வாங்கி வந்தான். நான் மனதுக்குள் அம்மனுக்கு நன்றி சொன்னேன். டொக்டருக்குப் போன் எடுத்து, வெற்றி என்கிற குரலில்தான் விஷயத்தைச் சொன்னேன்.

 டொக்டர் கேட்டார்: "அவங்க ஏன் போறேன் சொன்னது? நீங்க கேட்டதா?"

"இல்லை டொக்டர். சாமி காரியம், அதனால..."

"அது நீங்க சொல்ற காரணம். அவங்க சொன்னதா?"

 பிள்ளைகளே, ஒருவர் மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று ஆயிரம் முறை கேட்கிறோம். சரி என்று சொன்னால் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. நேற்றுவரை வளைவில் நடுங்கிய ஒருத்தி இன்றைக்கு மலையுச்சிக்கே வருகிறேன் என்றால், அந்தச் சம்மதத்தையும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

அடுத்த பஸ்ஸில் போனேன். விடிந்தால் பூசை. சரசு பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்து, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

"நாளைக்குப் போறீங்களா சரசு?"

"போறேன் மிஸ்."

"பயம் இல்லையா?"

"பயம் எதுக்கு? வந்தா வரட்டும்."

"எது வந்தா?"

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்தாள். இந்த இடத்தில் மற்றவர்கள் சுற்றி வளைப்பார்கள். நானும் வளைக்கத்தான் பார்த்தேன். ஆனால் டொக்டர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: சந்தேகம் வந்தால் நேராகக் கேள், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது.

"சரசு, உசுரு போகட்டும்னு நெனச்சுத்தானா மலைக்குப் போறேன்னீங்க?"

அவள் கை நின்றது.

"படங்கு கட்டாம போலாம்னு இருக்கேன் மிஸ். எடுத்துக்கிறதுனா எடுத்துக்கிரட்டும். அதுதான் ஞாயம்."

பிறகு கொட்டிவிட்டாள். ஓடும்போது பாக்கியத்தின் படங்கு செடியில் மாட்டி அவிழ்ந்து போயிருக்கிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்துச் செடியடியில் விழுந்திருக்கிறார்கள். சரசு தன் படங்குக்குள் சுருண்டுகொண்டாள். வெளியிலிருந்து பாக்கியம் கூப்பிட்டிருக்கிறார்.

"'சரசு, கொஞ்சம் விரி புள்ள, நானும் வந்துக்கிறேன்'னு கூப்புட்டாங்க மிஸ். காதுல நல்லா விழுந்துச்சு. நான் விரிக்கல. ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன். பொறகு அவுங்க கூப்புடல." முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "சாமி ஒன்னும் என்ன காப்பாத்தல. நான்தான் புடிச்சிக்கிட்டேன். எல்லாரும் சாமி சாமின்னு சொல்றப்ப எனக்குத் தீய வச்ச மாதிரி இருக்கு. என்ன காப்பாத்துன சாமி பாக்கியக்காவ என்னா பண்ணுச்சு?"

என் நாக்கு நுனியில் மூன்று பதில்கள் வந்து நின்றன. சாமி மன்னிக்கும். அது விதி. நீ விரித்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்பீர்கள். மூன்றும் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் மூன்றும் அவள் வாயை மூடுகிற பதில்கள். எனக்கு ஆறுதல் வேண்டியிருந்தது, அதனால் வந்த சொற்கள். அவற்றை விழுங்கிக்கொண்டு, "இத்தனை நாளா இத தனியாவா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் அவள் அழுதாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"யாருக்கும் சொல்லிறாதீங்க மிஸ். பாக்கியக்கா வீட்டுக்காரரு ராமையாண்ணே அந்தக் கோடி லயத்துலதான் இருக்காரு. தெரிஞ்சா என்ன மொகத்துல முழிப்பேன்?"

சத்தியம் செய்து கொடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். நான் சொன்னேன்: "லயத்துல ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன். டொக்டருக்குச் சொல்லுவேன். ஒங்கள தனியா விடவும் மாட்டேன். இந்த ரெண்டையும் ஒங்ககிட்ட மறைக்காம இப்பவே சொல்லிட்டேன்." அவள் கோபப்பட்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

டொக்டரிடம் பேசினேன். அவள் தனியாக இருக்கக் கூடாது, பூசைக்கு மலை ஏறக் கூடாது, காலையில் முதல் வேலையாகக் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றார். காரணம் சொல்லாமல், அவளை ஒரு நிமிடமும் தனியாக விடாதே என்று கணேசனிடம் சொன்னேன். அவன் எரிந்து விழுந்தான்.

"பேர வெட்டிட்டா நீங்க காம்பிரா குடுப்பீங்களா மிஸ்? வாற லச்சுமிய காலால ஒதைக்கச் சொல்றீங்களே!"

அவன் கேட்டதில் தப்பில்லை.  "அவ இருந்தாத்தானேப்பா காம்பிரா" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு கதவோரம் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தது கோயில் தலைவர். அவருடைய வாசலில் பூசைக்கான தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாம்மா, ஒங்க டொக்டரம்மா சாமிக்கு மேலயா?" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

"நானும் வருஷா வருஷம் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவதாங்கையா. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். மொதக் கொழுந்து கிள்றவங்க விரதம் இருக்கணும்ல?"

"பின்ன? பச்சத் தண்ணி படக்கூடாது பல்லுல."

"மருந்து சாப்புடுறவங்க விரதம் இருக்கலாமா?"

"நோயாளிக்கு ஏது விரதம்? அது பாவம்."

"சரசு காலையிலயும் ராவைக்கும் மாத்திர போடுதுங்கையா. வெறும் வயித்துல போடவும் முடியாது."

தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளக் காம்பிராவுல புள்ளைகளுக்குச் சோறு ஊட்டுன ஆளு, எனக்கே ஊட்டுது பாருங்கப்பா" என்றார். ஆனால் நல்ல மனுஷன். "அப்ப வேற யாரையாவது பாப்போம். அந்தப் புள்ள பேருல ஒரு தேங்கா ஒடச்சிர்றேன்" என்றார். சரசுவின் ரகசியம் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. ஊரோடு மோதி ஜெயிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஊரின் வழக்கத்துக்குள்ளேயே நோயாளிக்கு ஒதுங்க ஓர் இடம் இருக்கும், அதைத் தேடுங்கள்.

பூசை நடந்தது, மலையும் திறந்தது. சரசு அந்நேரம் கிளினிக்கில் டொக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேர் விஷயத்தை டொக்டரே துரையிடம் பேசினார். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் சரசுவுக்கு வேலை போட்டார்கள். பேர் தப்பியது. கணேசன் எனக்கு ஒரு பை நிறைய லீக்ஸ் கொண்டுவந்து கொடுத்தான்.

சிகிச்சை என்பது அதற்குப் பிறகுதான் சரியாகத் தொடங்கியது. வாரம்தோறும் அந்தக் காலையைச் சரசு முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடக்கிற மாதிரி சொல்ல வேண்டும். டொக்டருக்கு விளங்காத இடத்தில் நான் சிங்களத்தில் சொல்வேன். "நான் பாக்கியக்காவ சாகவிட்டேன்" என்று அவள் சொன்ன அன்று அதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "காப்பாற்ற முடியாமல் போனது" என்று மாற்றினேன். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்க சொன்னது இவ்வளவு மெதுவா இல்ல. அவங்க வார்த்த எனக்கு வேணும்." ஒருவருடைய வலியை நாம் தண்ணீர் விட்டு இளக்கிக் கொடுக்கக் கூடாது.

சொல்லச் சொல்ல, விட்டுப்போனவை ஒவ்வொன்றாக வந்தன. பாக்கியம் கூப்பிட்டபோது படங்குக்குள்ளேயே குளவிகள் இருந்தன. கண் மூடிக்கொண்டு வந்தது. கை மரத்துப்போயிருந்தது; ஆஸ்பத்திரியில்கூட அவள் விரல்களைப் பிரித்துத்தான் படங்கை எடுத்தார்களாம். டொக்டர் ஒருநாளும் "உன்மேல் குற்றமில்லை" என்று தீர்ப்புச் சொல்லவில்லை. "அப்ப அந்தக் கைய விரிக்க ஒங்களால முடிஞ்சதா?" என்று கேட்டார். சரசு வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல" என்றாள். நிச்சயமாக நான்தான் கொன்றேன் என்றிருந்தவள் தெரியவில்லை என்று சொன்னது எங்களுக்குப் பெரிய தூரம்.

பிறகு அவள் மற்ற மலைகளுக்குப் போகத் தொடங்கினாள். ராமையாவைக் கண்டால் மட்டும் பாதை மாறி நடந்தாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "ராமையாண்ணேகிட்ட சொல்லணும் மிஸ். சொல்லாம என்னால அந்த மலைக்குப் போக ஏலாது." நாங்கள் தூண்டவில்லை. அவர் திட்டினால் என்ன செய்வாய், அடித்தால் என்ன செய்வாய் என்று டொக்டர் பல வாரம் அவளோடு பேசிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். நானும் கணேசனும் கூடப் போனோம். கணேசனுக்கு அதற்கு முதல் வாரம்தான் அவளே சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல். ராமையா வாசலில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சரசு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கூப்பிட்டது, விரிக்காதது, எதையும் விடவில்லை. கத்தி தீட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. 

"கோவம் வருது புள்ள. வரலன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றார் கடைசியில். சரசு தலையாட்டினாள். "ஆனா ஆஸ்பத்திரியில எத்தன பேருகிட்ட கேட்டேன், கடசியா என்னா பேசுனான்னு. ஒருத்தருக்கும் தெரியல. இப்பத்தான் ஒரு ஆளு வந்து சொல்லுது." கத்தியை ஓரமாக வைத்தார். "அன்னைக்கு மலைக்கு ஏறுறப்ப என்னா பேசிக்கிட்டு போனா?"

சரசு தயங்கினாள். "ஒங்களப் பத்தித்தாண்ணே."

"என்னப் பத்தியா? என்னானு?"

"'ராத்திரி ஒன் அண்ணன் சட்டி கழுவி வச்சிருக்காருடி, இன்னைக்கு மழ ஊத்தப் போகுது பாரு'ன்னாங்க."

ராமையா சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அடங்கிய பிறகு, வாசலில் கிடந்த பலகையை அவள் பக்கமாகத் தள்ளி, "குந்து புள்ள. முழுசா சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் சரசு ஏழாம் நம்பர் மலைக்குப் போனாள். குணமாகிவிட்டாளா என்று கேட்பீர்கள். காற்று அடித்துக் குளவிக்கூடு கலைகிற மாதங்களில் இன்றும் தூக்கம் கெடுகிறது, மாத்திரை ஒன்று இருக்கிறது. ஆனால் பேர் இருக்கிறது, காம்பிரா இருக்கிறது, அவள் இருக்கிறாள். நான் சாமியை விடவில்லை. அவளை அம்மன்தான் காப்பாற்றினாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதை அம்மனிடம் சொல்கிறேன், சரசுவிடம் சொல்வதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது அந்த லயத்துக்குப் போவதுண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ராமையா வந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் காலையைப் பற்றியோ பாக்கியம் மலையில் அடித்த வேறு பகிடிகளைப் பற்றியோ கேட்பார், சரசு சொல்வாள். கணேசன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பான். நானும் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது.